பச்சை வார் போட்ட செருப்பு

எங்கள் ஊரில் என்னைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. வெளிநாட்டில் நான் வேலை பார்த்த தூதரகத்தில் குண்டு வெடித்தது, அன்றைக்குச் சாக வேண்டியவன் நான், என் செருப்பைக் காலில் மாட்டிய காவலாளி ஒருவர் என் சாவையும் சேர்த்து மாட்டிக்கொண்டு போய்விட்டார் என்பதுதான் அந்தக் கதை. கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒருமுறை தப்பியவன் மறுமுறை அந்த இடத்துக்குப் போகக் கூடாது என்கிறார்கள். அந்தக் கதையை வைத்துத்தான் என் வீட்டிலும் என்னைத் திரும்ப அனுப்ப மறுத்தார்கள்.

கதை தப்பு. அதை ஊரில் நின்று மறுத்துச் சொல்ல எனக்கு வாய் போதாது. நாலு பேர் சேர்ந்திருந்தால் எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்ததில் எழுத்து மட்டும் நின்றிருக்கிறது. எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

செருப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சிவகாசிப் பக்கம், தாயில்பட்டிக்கு அடுத்த கிராமம் எங்களுடையது. சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். வெடிமருந்து இருக்கிற ஷெட்டுக்குள் யாரும் செருப்போடு போக மாட்டார்கள். அடியில் ஒரு சின்னக் கல்லோ ஆணியோ ஒட்டியிருந்து தரையில் உரசினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஷெட் வாசலிலும் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, வாசலைப் பார்த்தால் போதும். குதிகால் தேய்ந்தது இன்னாருடையது, ஊக்குக் குத்தியது இன்னாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

எங்காவது வெடித்துவிட்டால் வீட்டு ஆட்கள் ஓடுவார்கள். போலீஸ் கிட்டே விடாது. தள்ளி நின்று, புகை அடங்கியதும், வாசல் இருந்த இடத்தில் சிதறிக் கிடக்கும் செருப்புகளைத்தான் கண்கள் தேடும். என் மனைவி கல்யாணத்துக்கு முன்பு அப்படித்தான் தன் அக்காவைக் கண்டுகொண்டாள். சிவப்பு நூலால் தைத்த செருப்பு. முகத்தைப் பார்க்க முடியவில்லை, செருப்பைத்தான் பார்த்தாள். அதற்குப் பிறகும் அவள் கம்பெனிக்குப் போகிறாள். திரி சொருகுகிற வேலை. காலையில் வேன் வந்து ஹாரன் அடித்தால் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏறிவிடுவாள். பயம் இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பயத்தைப் பற்றிப் பேச வேனில் இடமும் இல்லை, அம்புட்டு நெருக்கம் என்பாள்.

நானும் அங்கேதான் வேலை செய்தேன். காரியாபட்டிக்காரர் ஒருவர் வெளிநாட்டில் நம் தூதரகத்தில் பெரிய சமையல்காரராக இருந்தார். தூரத்துச் சொந்தம். உதவிக்கு ஆள் வேண்டும், அதிகம் பேசாதவனாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு தகுதி என்னிடம் நிறைய இருந்தது. கூட்டிக்கொண்டு போனார்.

அது மலை சூழ்ந்த ஊர், நல்ல குளிர். தூதரகத்துக்குள் பின்பக்கம் சமையலறை. அதன் பக்கவாட்டு வாசலில் இருந்து பார்த்தால் முன்கேட் தெரியும். முதல்நாளே நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனேன். காரியாபட்டிக்காரர் சிரித்தார்.

"ஏப்பா, இங்கன மருந்து இல்ல, மசாலாதான் இருக்கு. செருப்போட வா."

காலில் காலுறையை மாட்டிக்கொண்டேனே தவிர, செருப்போடு உள்ளே போக என் கால் சம்மதிக்கவில்லை. வருடக்கணக்காக அப்படியே ஆகிவிட்டது. விருதுநகர் பஜாரில் வாங்கிய நீல ரப்பர் செருப்பு. ஒரு லீவில் வலது கால் வார் அறுந்துபோக, என் மனைவி வீட்டில் கிடந்த பழைய செருப்பிலிருந்து வாரை உருவி மாட்டிக் கொடுத்தாள். அது பச்சை. ஒரு காலில் நீல வார், ஒரு காலில் பச்சை வார்.

அந்தச் செருப்பை என்னைவிட அதிகம் போட்டவர் கேட்டில் நின்ற காவலாளி. அந்த நாட்டுக்காரர். என் வயது இருக்கும். நெடிய ஆள், கனமான பூட்ஸ். மதியத் தொழுகைக்கு முன்னால் சமையலறை ஓரத்துக் குழாயடிக்கு வந்து, பூட்ஸைக் கழற்றி, கைகால் கழுவி, வாசலில் கிடக்கும் என் செருப்பை மாட்டிக்கொண்டு தொழுகிற அறைக்குப் போவார். என்னிடம் கேட்டதில்லை. நானும் ஒன்றும் சொன்னதில்லை. இரண்டு பேருக்கும் அரைகுறை இந்தி. ஒருமுறை கால்களைச் சேர்த்துவைத்துப் பார்த்துவிட்டு, உங்கள் நாட்டில் ஒரே நிறத்தில் இரண்டு வார் கிடைக்காதா என்று கேட்டார். வீட்டில் செய்தது என்றேன். உடனே மரியாதையாகத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்த வாரைக் கேலி செய்யவில்லை.

விசாவுக்கு வருகிறவர்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற நோயாளிகள், படிக்க வருகிற பிள்ளைகள். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற கிழவர்களை அந்தக் காவலாளி இரும்புக் கேட்டுக்கு உள்ளே அழைத்துச் சுவரோரம் பெஞ்சில் உட்காரவைப்பார். பிறகு என் பக்கம் பார்த்து, கட்டை விரலை வாயருகே சாய்த்துக் காட்டுவார். நான் டீ கொண்டு போவேன். அதற்கு அனுமதி கிடையாது. காரியாபட்டிக்காரர் அந்த நேரம் பார்த்து வெங்காயத்தை உற்றுக் கவனிப்பார்.

குண்டு வெடித்த அன்றும் காவலாளி குழாயடியில்தான் இருந்தார். பூட்ஸ் ஓரமாக நின்றது. கால் கழுவி, என் செருப்பை மாட்டி நிமிர்ந்திருப்பார். தெருவில் முதல் தடுப்பில் நின்ற இன்னொரு காவலாளி கத்துவது கேட்டது. ஒரு வேன் தடுப்பை இடித்துக்கொண்டு வந்தது. இவர் பூட்ஸைத் தேடவில்லை. ஈரக் காலோடு, செருப்புச் சத்தம் எழ எழ, கேட்டை நோக்கி ஓடினார். பெரிய இரும்புக் கேட் அப்போது பாதி திறந்திருந்தது. அதைத் தோளால் தள்ளி மூடியதை நான் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை.

விழுந்து கிடந்த இடத்தில் என் மனதில் வந்த முதல் கேள்வி, எந்த ஷெட் என்பதுதான். காதில் ஒன்றும் கேட்கவில்லை. தவழ்ந்து வாசலுக்கு வந்து, பழக்கத்தில் செருப்பைப் பார்த்தேன். வாசலில் செருப்பு இல்லை. பூட்ஸ் மட்டும் சாய்ந்து கிடந்தது. அதன் பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்று நினைவு வந்தது.

தெருவில் நின்றவர்கள் பலர் செத்தார்கள். முதல் தடுப்பில் நின்ற காவலாளி செத்தார். கேட்டை மூடியவரும் செத்தார். கேட்டுக்கு உள்ளே பெஞ்சில் இருந்த கிழவர்களுக்குக் கண்ணாடி குத்திய காயம்தான், எல்லோரும் பிழைத்தார்கள். இதைத்தான் நான் ஊரில் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று யாரோ எடுத்த வீடியோ எல்லாப் போன்களுக்கும் போயிருக்கிறது. புகை, கல், அழுகிற ஆட்கள். நடுவில் ஒரு நொடி, புழுதியில் ஒரு ரப்பர் செருப்பு. பச்சை வார். என் மைத்துனர், மனைவியின் அண்ணன், பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்திருக்கிறார். வேறு ஊர்க்காரன் என்றால் ஒரு செருப்பைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவான்? எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். செருப்பு வெளியே கிடந்தால் ஆள் உள்ளே. என் போன் சமையலறைச் சுவரோடு போயிருந்தது. தூதரகத்து எண்ணும் கிடைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் வீட்டு முன்னால் பந்தலுக்குக் கம்பு ஊன்றிவிட்டார்கள். சொந்தம் வந்து இறங்கி ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது. பெரிய மனுஷிகள் என் மனைவியைக் கையைப் பிடித்து நடுவில் உட்காரவைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் உட்காரவில்லை. மைத்துனர்தான் இதை எனக்குப் பிற்பாடு சொன்னார், அவள் இன்றுவரை சொன்னதில்லை. போனை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்.

"ஒத்தச் செருப்புதான தெரியுது? எவனாச்சும் ஒத்தச் செருப்பக் கழட்டிப் போட்டுட்டு வேலைக்குப் போவானா? இன்னொன்னு எங்கன கெடக்கு? அதையும் காட்டுங்க. பெறகு உக்காருறேன்."

பைத்தியம் பிடித்துவிட்டது என்று சொன்னார்களாம். அவள் நிலைப்படியில் சாய்ந்தபடி நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். வந்தவர்கள் உட்கார்ந்து அழ, அவள் நின்றிருக்கிறாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸின் போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஒரு காது மட்டும் கொஞ்சம் திறந்திருந்தது. என் குரலைக் கேட்டதும் அழுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அந்தச் செருப்ப யாரு போட்டிருந்தா?"

சொன்னேன். பின்னால் பந்தலில் யாரோ விஷயம் புரியாமல் இன்னும் அழுதுகொண்டிருந்தது கேட்டது.

"அவுக வீட்ல யாரெல்லாம் இருக்காக?" என்றாள்.

நான் உடனே ஊருக்கு வரவில்லை. காயம் ஆறியதும் சமையலறைக்குத்தான் போனேன். கேட்டை மறுபடி திறந்த அன்று விடிவதற்கு முன்னால் ஜன்னலுக்குப் புதிதாக அடித்த பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வரிசை நின்றது. முன்பைவிட நீளம். தலையில் கட்டுப் போட்ட ஒரு கிழவர், அன்று பெஞ்சில் இருந்தவர், அதே எக்ஸ்ரே கவரோடு முதலில் நின்றார். அவர் பெண்சாதிக்கு இருதய ஆபரேஷன் செய்ய வேண்டும், நோய் குண்டுக்காகக் காத்திருக்குமா? குண்டு வைத்தவர்களுக்கு என்ன கோரிக்கை என்று அதிகாரிகள் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. அந்த வரிசை கலைய வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம் என்றால் அது கலையவில்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். யாருக்கும் வெளியே எதுவும் கொடுக்கக் கூடாது என்று அன்று காலை புது உத்தரவு வந்திருந்தது. காரியாபட்டிக்காரர் பெரிய கெட்டிலை எடுத்து, தானே தண்ணீர் பிடித்து, அடுப்பில் வைத்தார். சர்க்கரையை அதிகமாகப் போடு, குளிர் சாஸ்தி என்றார்.

சில நாள் கழித்துக் காவலாளியின் தகப்பனார் வந்தார். கையில் ஒரு பூப்போட்ட துணி முடிச்சு. அவிழ்த்தால் என் இடது கால் செருப்பு, நீல வார் போட்டது. கழுவிக் காயவைத்திருந்தார்கள். மகனின் காலில் இருந்ததாக ஆஸ்பத்திரியில் கொடுத்தார்களாம். மகன் சொல்லக் கேட்டு அது யாருடையது என்று தெரியுமாம். எங்கள் வீட்டுப் பொருள் இல்லையே, எப்படி வைத்துக்கொள்வது என்றார். டீ கொடுத்தேன். அவர் அதை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

பிறகுதான் லீவு கிடைத்து வந்தேன். மாமியார் இருக்கன்குடி அம்மனுக்கு நேர்ந்திருந்தார், போய் வந்தோம். அம்மனைக் கும்பிடுவதில் எனக்குத் தடையில்லை. ஆனால் போகிற வழியெல்லாம் அந்தக் கதை. கண்டம் கழிந்தது, வேறு ஒருவன் தலையில் இறங்கிவிட்டது, இனி அந்தத் திசைக்கே போகக் கூடாது. மைத்துனர் எனக்குத் தன்னோடு லோடு ஏற்றுகிற வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார். காரியாபட்டிக்காரர் போன் செய்து, வருவதானால் சொல், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

டீக்கடையில் ஒரு நாள் மைத்துனரோடு உட்கார்ந்திருந்தேன். எங்களுக்கு எதிரே பட்டாசு ஏஜென்ட் ஒருவர், ஊரில் எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். வாயாடி, ஆனால் கெட்டவர் இல்லை.

"ஏலே, ஒன் ஆயுசு கெட்டிலே. எவனோ ஓஞ்செருப்ப மாட்டி ஓஞ்சாவ வாங்கிட்டுப் போயிட்டாம்லே. அடுத்த தடவ அந்தச் செருப்ப எனக்குக் குடுத்துராதலே."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர், குண்டு வைத்ததும் அந்த ஊர்க்காரர்கள், செத்ததும் அந்த ஊர்க்காரன், நமக்கென்ன என்றார். நான் கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சி, அவுக எஞ்சாவ வாங்கல. கேட்ட மூடப் போனாக. மூடிட்டுச் செத்தாக. கேட்டுல நிக்கறது அவுக வேல. எம் பொஞ்சாதியோட அக்கா ஷெட்டுல செத்தாகள்ல, அவுக யாரு சாவ வாங்கிட்டுப் போனாக? அத யாராச்சும் இங்கன உக்காந்து கேட்டீகளா?"

நான் இவ்வளவு நீளமாகப் பேசி அந்தக் கடையில் யாரும் கேட்டதில்லை. அண்ணாச்சி மைத்துனரைப் பார்த்து, "இவனுக்கு இம்புட்டுப் பேச வருமா?" என்று மெதுவாகக் கேட்டார். செத்தது மைத்துனருக்குக் கூடப்பிறந்தவள். அவர் எழுந்து போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தார்.

ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடவில்லை. போக வேண்டாம் என்று என் மனைவியும் சொல்லிவிட்டாள். மற்றவர்களைப்போல அவள் கண்டம், கிரகம் என்று பேசவில்லை.

"நீ மட்டும் தெனமும் ஷெட்டுக்குப் போறேல்ல?" என்று கேட்டேன்.

"அது வேற."

"என்ன வேற?"

"எனக்கு என்னமும் ஆனா நீங்க ஓடியாந்து பாக்கலாம். ஒங்களுக்கு ஆனா நான் போன்லதான பாக்கணும்."

அன்றும் நான் காரியாபட்டிக்காரருக்குப் போன் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. என் பையில் கிடந்த துணிகளைத் துவைக்க எடுத்திருக்கிறாள். நான் வெளியே வேப்பமரத்தடியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். பையின் அடியில் நான் வைத்திருந்த பூப்போட்ட துணி முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. நீல வார் செருப்பு அவள் கையில் இருந்தது. அவளிடம் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை, அதனால்தான் அடியில் வைத்திருந்தேன்.

"இது எங்கன இருந்துச்சு?"

"அவுக கால்ல."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பந்தல் போட்ட அன்று அத்தனை பேர் பிடித்து இழுத்தும் உட்காராதவள், செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். தன் அக்காவுக்கு அழுத மாதிரி அழுதாள். அடுத்த வீட்டுப் பெண்கள் வந்து என்னவென்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு சாவு என்றாள். மாமியார் பதறிப் போய், யாரு என்று கேட்டதற்கு, கேட்டுல நின்னவுக என்று சொல்லிவிட்டு மறுபடி அழுதாள். ஊரில் அதற்குப் பிறகுதான் அந்தக் கதையைக் கொஞ்சம் குரல் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்து கொடுத்தவர் யார் என்று கேட்டாள். தகப்பனார் என்றேன். டீயாவது குடித்தாரா என்று கேட்டாள். குடித்தார் என்றேன்.

அந்த வாரம் முழுதும் நான் போவதைப் பற்றியோ இருப்பதைப் பற்றியோ அவள் பேசவில்லை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, வேனிலிருந்து சிவகாசியில் இறங்கிக்கொண்டு பஜார் போய், பஸ்ஸில் தாமதமாக வந்தாள். பையிலிருந்து இரண்டு ஜோடி ரப்பர் செருப்பு எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"ஒன்னு ஒங்களுக்கு. ஒன்னு கேட்டுல இப்ப நிக்கிறவுகளுக்கு. காலு பெரிசா சின்னதான்னு தெரியல. பெரிசாவே வாங்கிட்டேன்."

"அப்ப போகவா?"

"போகாம? அந்தக் கெழவருக வரிசையில நிப்பாகள்ல."

மாமியார் உள்ளிருந்து அவளைத் திட்டிக்கொண்டே இருந்தார். அவள் புதுச் செருப்புகளின் வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள், எளிதில் அறுந்துவிடுமோ என்று. ஒரு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வீட்டில் இருந்த சிவப்பு நூலை எடுத்து வார் சேருகிற இடத்தில் நாலு தையல் போட்டாள்.

நான் கிளம்பிய காலையில் வேன் முதலில் வந்தது. ஹாரன் அடித்தது. அவள் தூக்குவாளியோடு ஏறி, ஜன்னலோரம் இடம் இல்லாமல், ஆட்களுக்கு நடுவிலிருந்து கையை மட்டும் நீட்டி அசைத்தாள். வேன் கம்பெனிப் பக்கம் திரும்பியது. நான் மைத்துனரின் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, பையைத் தூக்கி மேலே போட்டார்.

கேட்டில் இப்போது நிற்பவர் குட்டையான ஆள், சின்னக் கால். செருப்பு அவருக்குப் படகு மாதிரி இருக்கிறது. சிவப்பு நூலைத் தடவிப் பார்த்து யார் தைத்தது என்று கேட்டார். வீட்டில் என்றேன். மதியத்தில் குழாயடியில் கால் கழுவி அதை மாட்டிக்கொண்டு, தரையில் இழுத்து இழுத்து நடந்து தொழுகைக்குப் போகிறார். வரிசை நிற்கிறது. காரியாபட்டிக்காரர் வெங்காயத்தை உற்றுப் பார்க்கிறார்.

செருப்பைக் கழற்றாமல் உள்ளே வா என்று இப்போதும் சிலர் சொல்கிறார்கள். நான் கழற்றித்தான் விடுகிறேன். சமையலறை வாசலில் இரண்டு ஜோடி கிடக்கும்.